மடிப்புக்கு அந்தப் பக்கம்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து "அடிப்பாவி!" என்று சொல்வதைவிட அது மேல். என் அக்காவிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்றரை வருஷமாகப் போகிறேன், வருகிறேன். தொண்டை வரைக்கும் வருகிறது. "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

அக்காவுக்குக் கருப்பையின் உள்படலத்தில் புற்றுநோய். இப்போது நுரையீரலுக்கும் போய்விட்டது. இனி வலிக்கு மட்டும் பார்க்கலாம் என்று டாக்டர்கள் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. ஆக, எனக்கு இருக்கும் நாட்கள் கொஞ்சம். 'அவளுக்கு இருக்கும் நாட்கள்' என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? பாருங்கள், எடுத்த எடுப்பிலேயே என் புத்தி என்னைத்தான் சுற்றி வருகிறது.

இந்த நோய்க்குத் தன் கவனக்குறைவுதான் காரணம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பழியைத் தலையில் சுமந்துகொண்டே போகப் பார்க்கிறாள். அது அவளுடையது மட்டுமல்ல என்பது எனக்குத் தெரியும். வாயால் வராததைக் கையால் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். பகலில் ஒரு மருந்துக் கம்பெனியில் எழுத்து வேலை, மிச்ச நேரத்தில் கதை. [என்ன எழுத்து வேலை என்று பிறகு சொல்கிறேன். மறக்கமாட்டேன்.]

முதல் ஆரம்பம்: "விடியற்காலைப் பனியைக் கிழித்துக்கொண்டு அந்தப் பேருந்து—"

வேண்டாம். எந்தப் பேருந்தும் எந்தப் பனியையும் கிழித்ததில்லை. அக்கா படித்தால், "பனின்னா லைட்டைப் போட்டுக்கிட்டு மெதுவா போகணும்டி. கிழிச்சா ஆளுதான் கிழியும்" என்பாள்.

இரண்டாம் ஆரம்பம்: "பெண்ணுடலில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்று இரண்டு ஹார்மோன்கள்—"

பள்ளிக்கூடப் பாடம். நாலாவது வரியில் எனக்கே கொட்டாவி வந்தது.

மூன்றாம் ஆரம்பம்: "அக்கா செத்துக்கொண்டிருக்கிறாள்."

இரண்டே வார்த்தை. ஆணி அடித்த மாதிரி நின்றது. எழுதியதும் எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டதே என்று பயந்துபோய் அதையும் அடித்துவிட்டேன். அடித்தது தாளில் தெரிகிறது, அப்படியே இருக்கட்டும்.

2.

அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். 'ஓட்டினவள்' என்று எழுதக் கை வரவில்லை. முப்பத்தொரு வருஷம். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த டிப்போவில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறைகூடக் கிடையாது. எதிரே இருந்த புத்தகக் கடைக்காரரின் மனைவி தங்கள் வீட்டுக் கழிப்பறைச் சாவியை இவளிடம் கொடுத்து வைத்திருந்தாள். எத்தனையோ பேர் வந்தார்கள், எத்தனையோ பேர் போனார்கள், அக்கா மட்டும் அதே டிரைவர் சீட்டில் அதே முதுகுக் குஷனோடு உட்கார்ந்திருந்தாள். டிப்போவில் அவளுக்குப் பட்டப்பெயர் 'நிதானம்'. "நிதானம் வந்தாச்சா?", "நிதானத்தோட வண்டி எந்த ஸ்டாப்ல நிக்குது?" என்றுதான் பேச்சு. பின்னால் நின்று ஹாரன் அடிப்பவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்: "அவசரம்னா நேத்தே கிளம்பியிருக்கணும்."

முப்பத்தொரு வருஷத்தில் ஒரே ஒரு முறை, நிறுத்தி வைத்திருந்த ஒரு காரின் பக்கக் கண்ணாடியை உரசினாள். உடைந்ததுகூட இல்லை. கார்க்காரர் வரும்வரை காத்திருந்து மன்னிப்புக் கேட்டாள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அத்தான் பொறுக்க முடியாமல், "ஏம்மா, கண்ணாடியைத்தானே உரசின? கழுத்தையா அறுத்த?" என்று கேட்டார். அத்தான் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அவருக்கு எதுவும் மேலே போனால் கீழே வந்துதான் ஆக வேண்டும், அதற்கு மேல் கவலை கிடையாது.

டிப்போவில் டைம்கீப்பர் மேசை மேல் ஒரு பதிவேடு இருக்கும். வண்டியை எடுக்கும் முன் ஒவ்வொரு டிரைவரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வரி அச்சடித்திருக்கும். நேற்றிலிருந்து மது அருந்தவில்லை. தூக்கமோ மயக்கமோ தரக்கூடிய மருந்து எதையும் உட்கொள்ளவில்லை. மற்றவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டே கிறுக்கிவிட்டுப் போவார்கள். அக்கா தினமும் இரண்டு வரியையும் படித்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பாள். "இது என்ன பரீட்சைக் கேள்வியா, நாளுக்கு நாள் மாற?" என்று டைம்கீப்பர் கேலி செய்வார்.

ஒரு தடவை இருமல் மருந்து குடித்தாள் என்பதற்காக லீவு போட்டாள்.

"இருமல் மருந்துக்கு யாராவது லீவு போடுவாங்களாக்கா?"

"பாட்டில்ல போட்டிருக்குடி, தூக்கம் வரும்னு."

"ஒரு மூடிதானே குடிச்ச?"

"வண்டியில அறுபது பேரு ஏறுவாங்க. ஒரு மூடிக்கு எத்தனை பேரைக் கழிக்கட்டும், சொல்லு."

[இந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லை என்று எனக்கே தோன்றுகிறது. கதையில் வருகிறவர்களுக்கு ஒரு குறையாவது வேண்டும் என்பார்கள். தேடிப் பார்த்தேன், ஒன்று கிடைத்தது. பெரியவர்கள் முகம் வாடினால் அவளுக்குத் தாங்காது. டாக்டர், டீச்சர், அதிகாரி யாராக இருந்தாலும் சரி, 'நல்ல பிள்ளை' என்று பேர் வாங்கிவிட வேண்டும். பேரன் எடுக்கிற வயசு வந்தும் அந்தப் புத்தி போகவில்லை. சின்னக் குறைதான். இந்தக் கதைக்கு அது போதுமானதாக இருந்துவிட்டது.]

3.

ஐம்பத்தொரு வயதில் அவளுக்கு மாதவிடாய் நின்றது. "அப்பாடா, விட்டது சனியன்" என்று கையைத் தட்டினாள். சனியன் விடவில்லை, வேறு வாசல் வழியாக வந்தது. நெஞ்சிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து காதுக்கு அனல் ஏறும். சட்டை தொப்பலாக நனையும். ஒரு நாள் சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது அப்படி ஏறியது. ஸ்டியரிங் கையில் வழுக்கியது, கண்ணை மூடித் திறந்தாள். பின் சீட்டிலிருந்து ஒருவர், "மேடம், பச்சை விழுந்து எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டார்.

விளக்கு மாறியது தனக்குத் தெரியவில்லை என்பதில் அவள் ஆடிப்போய்விட்டாள். இரண்டு வருஷமாகத் தன் உடம்பு பட்ட பாட்டுக்குப் போகாதவள், அந்த ஒரு சிக்னலுக்காக மறுநாளே டாக்டரம்மாவிடம் போனாள்.

டாக்டரம்மா இரண்டு மருந்து எழுதிக் கொடுத்தார். காலையில் கையில் தடவிக்கொள்ள ஒரு ஜெல், அது ஈஸ்ட்ரோஜன். படுக்கும் முன் விழுங்க ஒரு மாத்திரை, அது புரோஜெஸ்ட்ரோன். "ரெண்டையும் விடாம எடுங்க" என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. வெளியே இன்னும் பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த 'ஏன்' என்பதை இங்கே நான் சொல்லியாக வேண்டும். கொட்டாவி வந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உள்படலத்தை வளர்க்கிற ஹார்மோன். மாதாமாதம் அது வளர்த்துக்கொண்டே போகும். பின்னாலேயே புரோஜெஸ்ட்ரோன் வந்து "போதும்" என்று சொல்லும். வளர்ச்சி நிற்கும், படலம் பக்குவப்படும், குழந்தை இல்லையென்றால் உதிர்ந்துவிடும். மாதவிடாய் நிற்கிற காலத்தில் இரண்டுமே குறைந்துபோகின்றன. அனலைத் தணிக்க ஈஸ்ட்ரோஜனை மட்டும் வெளியிலிருந்து கொடுத்தால் உடம்பு குளிர்ந்துவிடும். ஆனால் உள்ளே "போதும்" என்று சொல்ல ஆள் இருக்காது. படலம் தடிக்கும். வருஷக்கணக்கில் தடித்தால் அதில் ஏதோ ஓர் உயிரணு நிற்க மறந்துவிடக்கூடும். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். கருப்பை உள்ளவர்களுக்கு இரண்டாவது மருந்தும் சேர்த்துக் கொடுப்பது அதற்காகத்தான். போதாததற்கு உடம்பில் சேரும் கொழுப்பும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் செய்யும். முப்பது வருஷம் உட்கார்ந்தே வேலை செய்த அக்காவுக்கு அதற்கும் குறைவில்லை.

ஒரு வாரம் இரண்டையும் எடுத்தாள். டிப்போவின் முதல் வண்டி அவளுடையது, அதனால் மூன்று மணிக்கே எழுந்துவிடுவாள். மாத்திரை போட்ட மறுநாள் எழுந்தால் தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. சரி, இது என்ன மாத்திரை என்று பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்தாள். மேலேயே கட்டம் கட்டிப் போட்டிருந்தது:

தூக்கம் வரும். வண்டி ஓட்டாதீர்கள்.

வாயில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாளாம். ஏழு நாள் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறோமே என்ற எண்ணம்தான் அவளுக்கு முதலில் வந்தது. தாளின் மற்ற மடிப்புகளை அவள் பிரிக்கவில்லை. தனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். அன்றோடு மாத்திரையை நிறுத்தினாள். ஜெல்லில் தூக்கம் வராது, அதை நிறுத்தவில்லை. இரண்டு வாரத்தில் அனல் போயே போய்விட்டது.

"சொர்க்கம்டி. இன்னும் பத்து வருஷம் ஓட்டுவேன் பாரு" என்றாள் என்னிடம். மாத்திரையை விட்டதைச் சொல்லவில்லை. டாக்டரம்மாவிடமும் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தவர் முகம் வாடிவிடுமே! மாதாமாதம் மருந்துக் கடையில் இரண்டையும் வாங்கினாள். ஒன்றைத் தடவிக்கொண்டாள், மற்றதைச் சமையலறை இழுப்பறையில் போட்டாள்.

4.

இரண்டு வருஷம் தாண்டி ஒரு நாள் உள்ளாடையில் சின்னதாக ஒரு கறை. அவளுக்குச் சிரிப்பு வந்ததாம். 'வயசு திரும்புது' என்று நினைத்துக்கொண்டாளாம். ஜெல் அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று நம்பினாள். மாதவிடாய் நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆனவளுக்கு ஒரு சொட்டு பட்டாலும் உடனே போய்க் காட்ட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எட்டு மாதம் அவளும் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமாவது சொல்லியிருந்தால்—

[இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.]

பிறகு ஒரு மத்தியானம், வண்டி நிறைய ஜனம் இருக்கும்போது, டிரைவர் சீட்டு நனைந்தது. கடைசி ஸ்டாப் வரை ஓட்டினாள். எல்லோரும் இறங்கினதும் தன் கைத்துண்டால் சீட்டைத் துடைத்தாள், தண்ணீர் ஊற்றி மறுபடியும் துடைத்தாள். டைம்கீப்பரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, "சீட்டு ஈரமா இருக்கு, அடுத்த ஆளுகிட்ட சொல்லிடுங்க" என்றாள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து எனக்குப் போன் செய்தாள்.

ஸ்கேன் எடுத்தார்கள், துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று அவள் பையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு காகிதத்தின் பின்பக்கம் கருப்பையைப் படம் போட்டு, மேலே நான் சொன்ன இரண்டு ஹார்மோன் கதையை எனக்கு வராத பொறுமையோடு சொன்னார். அக்கா கடைசிவரை கேட்டாள்.

"அப்ப கிட்டத்தட்ட மூணு வருஷம் பிரேக் இல்லாத வண்டி ஓட்டியிருக்கேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

[நான் எழுதியிருந்தால் இந்த உவமையை அடித்திருப்பேன். பஸ் டிரைவர் வாயில் பிரேக்கா, ரொம்பச் சுலபம் என்று தோன்றியிருக்கும். ஆனால் அவள் சொன்னாள். சொன்னது சொன்னதுதான்.]

"ஏம்மா மாத்திரையை நிறுத்துனீங்க?"

"வண்டி ஓட்டக் கூடாதுன்னு அதுல போட்டிருந்துச்சு டாக்டர்."

"தனியா இதை மட்டும் நிறுத்தக் கூடாதுன்னும் போட்டிருக்குமே. பின்பக்கம்."

"பின்பக்கமா?" என்றாள் அக்கா. கேள்வித்தாளின் கடைசிக் கேள்வியைப் பார்க்காமல் எழுந்து வந்துவிட்ட பிள்ளையின் குரல் அது. "பின்பக்கம் நான் பாக்கலையே. தப்பு என்னுதுதான் டாக்டர். மன்னிச்சுக்குங்க."

டாக்டர் பதறிப்போனார். "அப்படியெல்லாம் சொல்லாதீங்க. இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. எடை இருக்கு, சர்க்கரை இருக்கு. ஒழுங்கா ரெண்டும் எடுத்தவங்களுக்கும் வருது. ஆனா..."

அந்த 'ஆனா'வுக்கு முன்னால் இருந்த எல்லாவற்றையும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒன்றரை வருஷமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறேன். அன்றைக்கு நான் செய்தது ஒன்றுதான்: பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

5.

நான் வேலை செய்யும் மருந்துக் கம்பெனியில் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களை எழுதுகிறவள் நான் என்பதையும், அக்கா நிறுத்திய அந்த மாத்திரையின் தாளை எழுதியதும் நான்தான் என்பதையும், அதில் எது மேலே வர வேண்டும் எது பின்னால் போக வேண்டும் என்று முடிவு செய்ததும் நான்தான் என்பதையும் இந்தப் பகுதியின் முதல் வாக்கியமாக, நீளமாக இருந்தாலும் சரி என்று, மேலேயே வைக்கிறேன்.

அந்தத் தாளின் முதல் நகலில் முதல் வாக்கியம் இப்படி இருந்தது: "கருப்பை உள்ள பெண்கள் ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொள்ளும் காலம் முழுவதும் இந்த மாத்திரையையும் சேர்த்து எடுக்க வேண்டும், இதை மட்டும் நிறுத்தினால் கருப்பையின் உள்படலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும், தூக்கம் தொந்தரவாக இருந்தால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்." எல்லாம் அதில் இருந்தது. ஆனால் படிக்கும்போது பாரம் ஏற்றிய வண்டி மாதிரி முனகியது. எனக்குக் கை அரித்தது. கதை எழுதுகிறவள் அல்லவா! முதல் வரி நறுக்கென்று இருக்க வேண்டாமா? கீழே எங்கோ கிடந்த தூக்க எச்சரிக்கையை எடுத்து, நாலே வார்த்தையாகச் செதுக்கி, கட்டம் கட்டி உச்சியில் வைத்தேன். நீள வாக்கியம் கீழே இறங்கியது. கறை பட்டால் டாக்டரைப் பாருங்கள் என்ற வரியும் அதோடு இறங்கியது. தாளை மடித்தபோது இரண்டும் அந்தப் பக்கம் போய்விட்டன.

பிரிவுத் தலைவர் படித்துவிட்டு, "ஆரம்பம் பிரமாதம்!" என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். விதிப்படி எல்லாமே தாளில் இருக்கிறது, ஒரு வார்த்தை விடுபடவில்லை. வக்கீல் கேட்டால் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய், "இன்னிக்கு ஆபீஸ்ல என் எழுத்தைப் பாராட்டினாங்கக்கா" என்றேன். "என் தங்கச்சி எழுத்துன்னா சும்மாவா!" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். என்ன எழுத்து என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை நான் ஏதோ கம்பெனியில் ஏதோ எழுதுகிறவள்.

ஆபரேஷன் முடிந்து அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த வாரம், காய்ச்சல் பார்க்க தெர்மாமீட்டரைத் தேடிச் சமையலறை இழுப்பறையைத் திறந்தேன். முப்பத்து நாலு பெட்டி, அடுக்கி வைத்திருந்தாள். முப்பத்து மூன்றில் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. திறந்திருந்த ஒன்றில் தாளை எடுத்துப் பார்த்தேன். கட்டத்துக்குள் என் நாலு வார்த்தை. அதற்கடியில் பேனாவால் இரண்டு கோடு, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக. நான் எழுதிய எதற்கும் அதுவரை யாரும் அடிக்கோடு போட்டதில்லை. மற்ற மடிப்புகள் அச்சகத்திலிருந்து வந்தபடியே இருந்தன. பிரித்தபோது காகிதம் சத்தம் போட்டது.

தெர்மாமீட்டர் கிடைக்கவில்லை என்று போய்ச் சொன்னேன். "அலமாரியில இருக்கும் பாருடி" என்றாள்.

அந்தத் தாளை மாற்றச் சொல்லி ஆபீசில் சண்டை போட்டேன், மாற்றிவிட்டார்கள். இப்போது நீள வாக்கியம் மேலே இருக்கிறது. "ஆரம்பம் சப்புன்னு இருக்கே" என்று புதிதாக வந்தவர் ஒருவர் சொன்னார். ஆமாம் என்றேன். அக்காவுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அக்கா, அந்த வரியை எழுதியது நான். நீ பின்பக்கம் பார்க்காதது தவறென்றால், பார்க்க வேண்டியதைப் பின்பக்கம் வைத்தது அதற்கு முந்தைய தவறு.

6.

இனி முடிவு. மூன்று நான்கு எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. நான் சொல்கிறேன். அக்கா என் தலையைத் தடவி, "போடி பைத்தியம், நீ என்ன பண்ணுவ" என்கிறாள். இருவரும் அழுகிறோம். எழுதி முடித்ததும் உடம்பு லேசான மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வெட்கமாக இருந்தது. மன்னிப்பை நானே எழுதி நானே வாங்கிக்கொண்டால் அதற்கு என்ன பேர்? தாளைக் கிழித்துப் போட்டேன்.

முடிவு இரண்டு. "எனக்கு அப்பவே தெரியும்டி" என்று சிரிக்கிறாள். வேண்டாம். அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்னிடம் இப்படித் தைலம் தேய்த்துவிடச் சொல்லமாட்டாள்.

முடிவு மூன்று. நான் சொல்லவே இல்லை. அவள் போய்விடுகிறாள். நான் ஓவென்று அழுகிறேன். "தங்கச்சின்னா இப்படி இருக்கணும்" என்று வந்தவர்கள் சொல்கிறார்கள். இந்த முடிவுக்கு நான் ஒரு வேலையும் செய்ய வேண்டாம், தானாக நடக்கும். பயமெல்லாம் அதுதான்.

முடிவு நான்கு. அவள் கோபப்படுகிறாள். "ஏண்டி, உன் எழுத்து அழகா இருக்கணும்னு என்—"

இதற்கு மேல் போகவில்லை. அக்காவுடைய கோபத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. ஐம்பது வருஷத்தில் அவள் என்மேல் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

[ஒரு கேள்வி வரும், எனக்கும் வந்தது. சாகப்போகிறவளிடம் இதைச் சொல்லி யாருக்கு லாபம்? உன் மனப்பாரத்தை இறக்கி அவள் நெஞ்சில் வைக்கப் பார்க்கிறாயா? இந்தக் கேள்வியை வைத்தே ஆறு மாதம் ஓட்டினேன். போன வாரம் டிப்போவிலிருந்து டைம்கீப்பரும் இரண்டு டிரைவர்களும் பார்க்க வந்தார்கள். அக்காவுக்கு மூச்சு வாங்கியது. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு எழுந்து உட்கார்ந்து, "எதையும் ரெண்டு பக்கமும் படிச்சுட்டு முடிவு பண்ணுங்கப்பா. நான் கவனமில்லாம கெட்டேன்" என்றாள். நிதானம் என்று பேர் எடுத்தவள் சொல்கிறாள், கவனமில்லாமல் கெட்டேன் என்று! டைம்கீப்பர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்தக் கேள்வி அன்றோடு முடிந்தது.]

7.

இது வேறு தாள். இப்போது மத்தியானம் இரண்டரை மணி. அத்தான் வேலைக்குப் போயிருக்கிறார். ஜன்னல் ஓரம் அக்காவின் கட்டில், எதிரே நாற்காலியில் நான்.

ஒரு மணிக்குக் கண் விழித்தவள், "வந்ததுல இருந்து என்னடி எழுதிக்கிட்டே இருக்க? கதையா?" என்று கேட்டாள்.

"ம்."

"குடு, படிக்கிறேன்."

"உனக்குத்தான் கதையெல்லாம் பிடிக்காதேக்கா."

"வேற என்ன வேலை கிடக்கு எனக்கு? வண்டியா எடுக்கப் போறேன்? குடுடி."

ஆறு பகுதியையும் அப்படியே கொடுத்துவிட்டேன். கொடுத்ததும் புதுத் தாள் ஒன்றை எடுத்தேன். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் இதை எழுதுகிறேன்.

அவள் மெதுவாகப் படிப்பாள். வரிக்கு அடியில் விரலை ஓட்டி, உதட்டை அசைத்து, ஒரு சொல் விடாமல். நான் ஒரு பக்கம்தான் எழுதியிருக்கிறேன். இருந்தாலும் ஒவ்வொரு தாளையும் திருப்பி, பின்பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கிறாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

முதல் பகுதியில் நிமிர்ந்து, "'செத்துக்கொண்டிருக்கிறாள்'னு எழுதி எதுக்கு அடிச்ச? உள்ளதுதானே" என்றாள். "என்கிட்ட என்னடி சொல்லணும்?" என்றும் கேட்டாள். "படிக்கா" என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள்.

இரண்டாம் பகுதியில், "முப்பத்தொண்ணு இல்ல, முப்பத்திரண்டு. பயிற்சி வருஷத்தை விட்டுட்ட" என்றாள். இருமல் மருந்து வந்த இடத்தில் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நிற்காமல் போய், நான் எழுந்து முதுகைத் தடவித் தண்ணீர் கொடுத்தேன். மூன்றாம் பகுதியில், "ஆமா, டாக்டரு படம் போட்டுச் சொன்னது இதைத்தான்" என்று தனக்குத்தானே ஒரு முறை சொல்லிக்கொண்டாள். நான்காம் பகுதியில், "டாக்டர் பேனாவைக் கீழ வைக்கலடி. மூடி பையில போட்டாரு" என்றாள். அப்படியே இருக்கட்டும், திருத்தவில்லை.

நீங்கள் ஐந்தாம் பகுதியைப் படித்துவிட்டீர்கள். உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நான்காம் பகுதியின் கடைசித் தாளை இதோ திருப்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வைக்கிறாள். கண்ணாடியைக் கழற்றிப் போர்வையில் துடைக்கிறாள். "கொஞ்சம் தலையணையைத் தூக்கி வைடி" என்கிறாள். எழுந்துபோய் வைத்துவிட்டு வந்தேன். கழுத்து சுடுகிறது அவளுக்கு.

அடுத்த தாளை எடுத்துவிட்டாள். விரல் அந்த நீள வாக்கியத்தின் மேல் இருக்கிறது, பாதி தாண்டிவிட்டது. உதடு அசைவது நின்றுவிட்டது. விரல் மட்டும் திரும்ப வரியின் ஆரம்பத்துக்குப் போகிறது.

அவள் என்ன சொல்லப் போகிறாள் என்பதை நான் எழுதமாட்டேன். அது அவள் வார்த்தை, அவள்தான் சொல்ல வேண்டும். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் தலையைத் தூக்கும்வரை போய்விடாதீர்கள். தனியாக உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.